ஒன்ராறியோ மாகாணத் தொடக்க வகுப்புகளும் தமிழ்ப் பெற்றோரும்: வகுப்பறைச் செய்தி வீட்டை வந்தடையும் வழிகள்

முன்னுரை

நான்கு வயதுப் பிள்ளை பாடசாலை வாயிலுக்குள் நுழையும் நாள் முதல், அதன் பகற்பொழுதின் பெரும்பகுதி பெற்றோரின் பார்வைக்கு அப்பாற்பட்டதாகிறது. அங்கே பிள்ளை யாருடன் விளையாடியது, எதைக் கற்றது, எதற்காக அழுதது என்பனவற்றைப் பெற்றோர் பிறர் வாயிலாகவே அறிய வேண்டியுள்ளது. இச்சிறு பருவத்தில் பிள்ளை தானே அவற்றை முழுமையாக எடுத்துரைக்கவும் இயலாது. ஆகவே தொடக்க வகுப்புகளைப் பொறுத்தவரை, பெற்றோருக்குச் செய்தி அறிவித்தல் கற்பித்தலுக்கு வெளியே நிற்கும் அலுவலகப் பணி அன்று. கற்பித்தலின் ஒரு கூறேயாகும். அமெரிக்கக் கல்வியாய்வாளர் ஜாய்ஸ் எப்ஸ்டீன் பாடசாலை, குடும்பம், சமூகம் ஆகியவற்றின் கூட்டுறவை ஆறு வகைகளாகப் பிரித்தார். பிள்ளை வளர்ப்பு, தொடர்பாடல், தன்னார்வப் பணி, வீட்டிற் கற்றல், முடிவெடுத்தல், சமூகத்தோடு இணைதல் என்னும் அவ்வகைகளுள் தொடர்பாடலுக்குத் தனியிடம் உண்டு. அது இருவழிப்பட்டதாக அமைய வேண்டும் என்பதும் அவர் கருத்து.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், குறிப்பாக ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் முதலிய பகுதிகளில், தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வாழ்கின்றன. இவற்றுட் பெரும்பாலானவை 1983க்குப் பின்னர் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்தோரின் குடும்பங்கள். இக்குடும்பங்களின் பிள்ளைகள் பயிலும் வகுப்பறைகளிலிருந்து வரும் செய்திக்குக் குறைவில்லை. புத்தகப் பையில் கடிதம் வருகிறது. கைப்பேசியில் படம் வருகிறது. ஆண்டில் மூன்று முறை அறிக்கை வருகிறது. ஆயினும் செய்தி கிடைப்பது வேறு; வகுப்பறை விளங்குவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு எங்கே உண்டாகிறது, அதனால் பிள்ளைக்கு நேரும் இழப்பு யாது, அதனைக் குறைக்கும் வழிகள் எவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. அறிக்கைகளின் கால ஒழுங்கு

ஒன்ராறியோவில் பிள்ளை நான்கு வயதை நிறைவு செய்யும் ஆண்டில் இளம் பாலர் வகுப்பிலும், ஐந்து வயதை நிறைவு செய்யும் ஆண்டில் முதுநிலைப் பாலர் வகுப்பிலும், ஆறு வயதை நிறைவு செய்யும் ஆண்டில் முதலாம் தரத்திலும் சேரலாம். முழுநாட் பாலர் வகுப்புத் திட்டம் 2010 செப்டம்பரில் தொடங்கப்பெற்று, படிப்படியாக விரிந்து, 2014 செப்டம்பரில் மாகாணம் முழுவதையும் எட்டியது. இவ்வகுப்பில் பொதுவாக ஆசிரியர் ஒருவரும் பதிவுபெற்ற முன்பள்ளிக் கல்வியாளர் ஒருவரும் இணைந்து பணியாற்றுவர்.

முதலாம் தரம் முதல் நடைமுறையிலுள்ள அறிக்கை முறை, மாகாணக் கல்வி அமைச்சு 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டுக் கொள்கை ஆவணத்தை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி முதலறிக்கை இலையுதிர் காலத்தில், பெரும்பாலும் நவம்பரில், வழங்கப்பெறும். இது முன்னேற்ற அறிக்கை எனப்படும். இதில் புள்ளியோ எழுத்துக்குறியோ இராது. பிள்ளை மிக நன்றாக முன்னேறுகிறதா, நன்றாக முன்னேறுகிறதா, இடர்ப்பாட்டோடு முன்னேறுகிறதா என்பது மட்டுமே குறிக்கப்பெறும். அடுத்த அறிக்கை பெப்ரவரியை ஒட்டியும், இறுதி அறிக்கை ஜூன் மாத இறுதியிலும் வரும். இவ்விரண்டிலும் எழுத்துக்குறிகள் இடம்பெறும்.

முதலறிக்கை எழுத்துக்குறியின்றி வருவதற்குக் காரணம் உண்டு. பாடசாலையாண்டின் முதலிரு மாதங்களில் பிள்ளையின் அடைவை அளந்து தீர்ப்புக் கூறுவதைவிட, அது எவ்வாறு தொடங்கியிருக்கிறது என்பதைப் பெற்றோருடன் உரையாடுவதே அவ்வறிக்கையின் நோக்கம். அதனாலேயே பெற்றோர் ஆசிரியர் சந்திப்பும் அவ்வறிக்கையை ஒட்டியே நடத்தப்பெறுகிறது. புள்ளியில்லாத அறிக்கையைப் பெறுமதியற்ற தாள் எனக் கருதி அச்சந்திப்புக்குச் செல்லாதுவிடும் பெற்றோர், ஆண்டின் போக்கை மாற்றக்கூடிய வாய்ப்பைத் தவறவிடுகின்றனர். பெப்ரவரி அறிக்கை கையில் கிடைக்கும்போது பாடசாலையாண்டின் பாதி கழிந்துவிட்டிருக்கும்.

2. விளையாட்டும் அதன் ஆவணமும்

பாலர் வகுப்பிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் தமிழ் வீடுகளிற் கேட்கப்பெறும் முதற் கேள்வி, "இண்டைக்கு என்ன படிச்சனீ?" என்பது. "விளையாடினான்" என்பது பிள்ளையின் மறுமொழி. நாள்தோறும் இதே மறுமொழி வரும்போது, நான்கு வயதில் அரிச்சுவடி எழுதப் பழகிய அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் கவலை தோன்றுவது இயல்பு.

2016இல் வெளிவந்த மாகாணப் பாலர் வகுப்புத் திட்டம் விளையாட்டையும் தேடலையுமே கற்றலின் வழியாகக் கொண்டது. அது கற்றலைப் பாடங்களாகப் பிரிக்காமல் நான்கு சட்டகங்களாக வகுத்தது: சேர்ந்திருத்தலும் பங்களித்தலும், தன்னொழுங்கும் நல்வாழ்வும், எழுத்தறிவு, கணிதம் ஆகியவை சார்ந்த நடத்தைகளை வெளிப்படுத்தல், சிக்கல் தீர்த்தலும் புத்தாக்கமும். மரக்கட்டைகளை அடுக்கிப் பாலம் கட்டும் பிள்ளை, இரு தூண்களும் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்பதைக் கண்டறிகிறது, கட்டைகளை எண்ணுகிறது, பக்கத்திலிருக்கும் பிள்ளையோடு பேசி இணங்குகிறது, பாலம் சரியும்போது அழாமல் மீண்டும் தொடங்கப் பழகுகிறது. மேற்கூறிய நான்கு சட்டகங்களும் அந்த ஒரு பாலத்தினுள் அடங்கியுள்ளன. ஆயினும் அது பிள்ளையின் வாய்மொழியில் 'விளையாடினான்' என்றே வீட்டை வந்தடைகிறது.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கே கற்றல் ஆவணப்படுத்தல் என்னும் முறை கையாளப்படுகிறது. இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்துப் பாலர் பள்ளிகளில் லொரிஸ் மலகுட்சியின் வழிகாட்டலில் வளர்ந்த இம்முறை, ஒன்ராறியோத் திட்டத்திலும் செல்வாக்குப் பெற்றது. பிள்ளை ஒரு செயலில் ஈடுபட்டிருக்கும் படம், அவ்வேளையில் அது சொன்ன சொற்கள், அதிலிருந்து ஆசிரியர் அறிந்துகொண்டவை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் வைக்கப்பெறுகின்றன. இவை வகுப்பறைச் சுவரிலும், சீசா போன்ற செயலிகள் வழியாகப் பெற்றோரின் கைப்பேசியிலும் இடம்பெறுகின்றன. பாலர் வகுப்புக்கான அறிக்கையும் இதே போக்கினது: பிள்ளை கற்ற முதன்மையானவை, கற்றலில் அதன் வளர்ச்சி, அடுத்த படிகள் என்பனவற்றை அது உரைநடையில் விவரிக்கிறது.

இம்மூன்றனுள் படம் மட்டுமே மொழியின் துணையின்றி வீட்டைச் சென்றடைகிறது. ஆங்கிலம் வாசிக்க இயலாத பெற்றோர் படத்தைக் கண்டு மகிழ்வர், உறவினருக்கும் அனுப்புவர். ஆயின் பிள்ளையின் கூற்றும் ஆசிரியரின் விளக்கமும் அவர்களை எட்டுவதில்லை. விளக்கம் நீங்கிய படம் பிள்ளை விளையாடியதற்கே மீண்டும் சான்றாகிறது. எந்த ஐயத்தைப் போக்கவேண்டி அது அனுப்பப்பெற்றதோ அதே ஐயத்தை வலுப்படுத்திவிடுகிறது.

3. ஒரே எழுத்து, வேறு பொருள்

முதலாம் தரம் முதல் ஆறாம் தரம் வரை எழுத்துக்குறிகள் வழங்கப்படுகின்றன. அடைவு நான்கு மட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. மூன்றாம் மட்டமே மாகாண நியமம். அதற்குரிய எழுத்து 'பி'. அதாவது, 'பி' பெற்ற பிள்ளை அவ்வகுப்பிற்கு எதிர்பார்க்கப்பட்டதை எட்டியுள்ளது. அடுத்த வகுப்பின் வேலைக்கு ஆயத்தமாக உள்ளது. 'ஏ' என்பது நியமத்தைக் கடந்த நான்காம் மட்டம். 'சி' என்பது நியமத்தை நெருங்கும் இரண்டாம் மட்டம். 'டி' என்பது நியமத்துக்கு மிகவும் கீழான முதலாம் மட்டம்.

இலங்கையிற் பயின்ற பெற்றோர் இவ்வெழுத்துகளை முன்னரே அறிந்தவர்கள். இடர்ப்பாடு அதனாலேயே எழுகிறது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் 'ஏ' உயர்ந்த சித்தி. 'சி' திறமைச் சித்தி. 'எஸ்' சாதாரண சித்தி. அதற்கு முந்திய முறையில் பரீட்சை எழுதியோருக்கு 'டி'யே மிக உயர்ந்த சித்தி. எட்டுப் பாடங்களிலும் 'டி' பெற்ற மாணவர் ஊரெல்லாம் பாராட்டப்பெற்றார். ஆகவே ஒரே அறிக்கையை ஒரே வீட்டில் வாசிக்கும் மூவர் மூன்று பொருள் கொள்ள இடமுண்டு. கணிதத்தில் 'பி' கண்ட தந்தை பிள்ளை பின்தங்கிவிட்டதாக எண்ணி மாலை வகுப்புத் தேடுகிறார். 'சி' கண்ட தாய் அது திறமைச் சித்திதானே என ஆறுதல் கொள்கிறார். முன்னவர் வீட்டில் எதிர்பார்ப்பை நிறைவு செய்த பிள்ளை ஏச்சு வாங்குகிறது. பின்னவர் வீட்டில் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்காமற் போகிறது.

அறிக்கையின் முதற் பக்கத்தில் இன்னொரு பகுதி உள்ளது. பொறுப்புணர்வு, ஒழுங்கமைத்தல், தனித்து வேலை செய்தல், கூட்டுறவு, தானே முன்வருதல், தன்னொழுங்கு என்னும் ஆறு கற்றல் திறன்களும் வேலைப் பழக்கங்களும் அங்கே தனியே மதிப்பிடப்படுகின்றன. இவற்றுக்கான குறிகள் பாடங்களுக்குரியவற்றினின்றும் வேறானவை. இங்கு 'ஈ' மிகச் சிறப்பையும், 'ஜி' நன்றையும், 'எஸ்' நிறைவையும், 'என்' மேம்பாடு தேவை என்பதையும் குறிக்கும். இவை பாடப் பெறுபேறுகளுக்கு முன்னதாக வைக்கப்பட்டிருப்பதிலிருந்தே தொடக்க வகுப்புகளில் இவற்றுக்குள்ள முதன்மை புலப்படும். ஆயினும் புள்ளியைத் தேடும் கண்கள் இப்பக்கத்தைக் கடந்து செல்வதே வழக்கம்.

யாழ்ப்பாணத்துப் பெற்றோர் மரபாகக் கேட்கும் கேள்வி, பிள்ளை வகுப்பில் "எத்தனையாம் பிள்ளை" என்பது. ஒன்ராறியோ அறிக்கையில் இக்கேள்விக்கு விடை இல்லை. அங்கே பிள்ளை ஏனைய பிள்ளைகளோடு ஒப்பிடப்படுவதில்லை. பாடத்திட்டம் வகுத்த எதிர்பார்ப்போடேயே ஒப்பிடப்படுகிறது. வகுப்பிலுள்ள அனைவரும் 'பி' பெறலாம். அதனால் எவருடைய 'பி'யின் பெறுமதியும் குறையாது. இவ்வொரு கருத்து விளங்கினாலே அறிக்கையின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

4. குறிப்புரையின் மொழி

எழுத்துக்குறியை அடுத்து வருவது ஆசிரியரின் குறிப்புரை. இது வெளித்தோற்றத்தில் சாதாரண ஆங்கில உரைநடை. ஆயினும் உட்பொருளில் ஒரு குறியீட்டு மொழி. மாகாணக் கொள்கை ஆவணம் நான்கு மட்டங்களையும் வேறுபடுத்தச் சில அடைச்சொற்களை வரையறுத்துள்ளது. பிள்ளை ஒன்றை 'மட்டுப்படுத்தப்பட்ட' பயன்பாட்டோடு செய்கிறது என்றால் முதலாம் மட்டம். 'ஓரளவு' என்றால் இரண்டாம் மட்டம். 'கணிசமான அளவு' என்றால் மூன்றாம் மட்டம். 'உயர்ந்த அளவு' அல்லது 'முழுமையான' என்றால் நான்காம் மட்டம்.

இக்குறிப்புரையைக் கைப்பேசியின் இயந்திர மொழிபெயர்ப்பில் இட்டுப் பார்க்கும் பெற்றோர் இன்று பலர். இரண்டாம் மட்டத்தைச் சுட்டும் ஆங்கிலச் சொல் அன்றாட வழக்கில் 'சில' என்றும் பொருள்படும். அது தமிழில் 'சில' என்றே பெயர்க்கப்படின், வாக்கியம் பிழையற்றதாகத் தோன்றினும் அதன் எச்சரிக்கை மறைந்துவிடும். 'உதவியுடன் செய்கிறது' என்னும் தொடரும் அத்தகையதே. ஆசிரியர் அதனால் உணர்த்துவது, பிள்ளையால் அதனைத் தானாக இன்னும் செய்ய இயலவில்லை என்பதை. பெற்றோரோ, ஆசிரியர் பிள்ளைக்கு உதவுகிறார் என்னும் நற்செய்தியாக அதனைக் கொள்வர். பெற்றோரைப் புண்படுத்தாதிருக்கவேண்டி மென்மையாக எழுதப்படும் மரபே, புதிதாக வந்தோரிடமிருந்து உண்மையை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

வாசிப்பு விடயத்தில் இதன் விளைவு பாரதூரமானது. ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2022இல் வெளியிட்ட வாசிக்கும் உரிமை பற்றிய அறிக்கை, வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைகளைத் தொடக்க வகுப்புகளிலேயே கண்டறிய வேண்டும் என வலியுறுத்தியது. அதனைத் தொடர்ந்து 2023இல் வந்த மொழிப் பாடத்திட்டம் எழுத்தொலிகளை முறையாகக் கற்பித்தலுக்கு மீண்டும் முதன்மை அளித்தது. காலத்தோடு கண்டறிதல் என்பது பெற்றோருக்குக் காலத்தோடு விளங்கவைத்தலையும் உள்ளடக்கியது. ஆசிரியருக்கு முதலாம் தரத்தில் தெரிந்த இடர்ப்பாடு பெற்றோருக்கு மூன்றாம் தரத்தில் விளங்குமாயின், இழந்த ஈராண்டுகளை மீட்பது எளிதன்று.

5. பிள்ளை மொழிபெயர்ப்பாளர் ஆகும்போது

ஆங்கிலம் போதாத வீடுகளில் மொழிபெயர்ப்புப் பணி பெரும்பாலும் பிள்ளையின் தோளிலேயே விழுகிறது. பையில் வந்த கடிதத்தை அக்கா வாசித்துச் சொல்கிறாள். தம்பியின் ஆசிரியரோடு அவளே பேசுகிறாள். பனிக்காலச் சப்பாத்து, சுற்றுலாப் பணம் போன்ற செய்திகளில் இதனால் பெருந்தீங்கு இல்லை. வீட்டுக்குப் பயன்படுகிறோம் என்னும் பெருமிதமும் பிள்ளைக்கு உண்டாகலாம். ஆயின் தன்னைப் பற்றிய மதிப்பீட்டைத் தானே தாய்தந்தையருக்கு மொழிபெயர்க்கும் நிலை அத்தகையதன்று. ஏழு வயதுப் பிள்ளைக்கு 'தன்னொழுங்கு' என்பதன் பொருள் தெரியாது. தெரிந்த பகுதியிலும் ஏச்சு வாங்கித்தரும் வாக்கியம் விடுபடும் அல்லது மெலியும். அது பொய் அன்று. தாங்க முடியாத சுமையைத் தாங்குவதற்குப் பிள்ளை கண்ட வழி.

அதனினும் ஆழமான இழப்பு ஒன்று உண்டு. பாடசாலை பற்றிய அறிவு முழுவதும் பிள்ளையிடமே இருக்குமாயின், பெற்றோரின் சொல் அவ்விடயத்தில் வலுவிழக்கிறது. "உங்களுக்கு அது தெரியாது" என்னும் வாக்கியம் முதலில் பாடசாலை பற்றியும், பின்னர் வேறு பலவற்றைப் பற்றியும் எழுகிறது. பல கல்விச் சபைகள் பெற்றோர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்கின்றன. குடியேற்றப் பணியாளர்களும் பல பாடசாலைகளில் உள்ளனர். ஆயின் இவ்வுதவி முன்கூட்டியே கோரப்பட வேண்டியது. கோரலாம் என்னும் செய்தியே ஆங்கிலக் கடிதத்தில்தான் பெரும்பாலும் வருகிறது.

6. வீட்டிலிருந்து வகுப்பறைக்கு

இதுகாறும் கூறியவை பாடசாலையிலிருந்து வீட்டுக்கு வரும் செய்தி பற்றியவை. வீட்டிலிருந்து செல்ல வேண்டிய செய்தியும் அதே அளவு இன்றியமையாதது. புதிய மொழிச் சூழலுக்குள் வரும் சிறு பிள்ளைகள் பலர் சில காலம் வகுப்பில் வாய் திறவாதிருப்பர். அம்மௌனம் புதிய மொழியை உள்வாங்கும் படியாகவும் இருக்கலாம். பேச்சு அல்லது மொழி வளர்ச்சியிலுள்ள இடர்ப்பாட்டின் அறிகுறியாகவும் இருக்கலாம். வகுப்பறைக்குள் மட்டும் பிள்ளையைக் காணும் ஆசிரியருக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்துவது அரிது. அதே பிள்ளை வீட்டில் அம்மம்மாவுக்கு முழுக் கதையொன்றைத் தமிழில் தொடர்ச்சியாகச் சொல்கிறதா, மூன்று கட்டளைகளை ஒன்றாகக் கேட்டு நிறைவேற்றுகிறதா என்பன தெரிந்தால் தெளிவு பிறக்கும். அத்தகவல் பெற்றோரிடமே உள்ளது. ஆசிரியர் கேட்காததாலும், அது கல்வி சார்ந்த செய்தி எனப் பெற்றோர் எண்ணாததாலும் அது சொல்லப்படாமலே போகிறது.

பிள்ளையின் மௌனத்தைக் கண்டு அஞ்சும் பெற்றோர் வீட்டிலும் ஆங்கிலமே பேச முடிவு செய்வதுண்டு. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த மொழிகளின் ஒன்றையொன்று சார்ந்த வளர்ச்சி பற்றிய கருதுகோள் இதற்கு மாறானது. தாய்மொழியில் பெற்ற கருத்து வளமும் எழுத்தறிவும் இரண்டாம் மொழியைக் கற்பதற்கு அடித்தளமாகின்றன என்பது அதன் சாரம். மிசிசாகா நகரின் தோர்ன்வுட் பாடசாலையில் பிள்ளைகள் தம் குடும்பத்தினரின் துணையோடு இருமொழிக் கதைநூல்களை ஆக்கிய முயற்சி, வீட்டு மொழி வகுப்பறையில் இடம்பெறக்கூடும் என்பதற்கு நன்கறியப்பெற்ற சான்று. பாலர் வகுப்புத் திட்டமும் வீட்டு மொழியைப் பேணுவதை ஊக்குவிக்கிறது. இச்செய்தி பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லப்படாதவிடத்து, அச்சத்தால் எடுக்கப்படும் முடிவு பிள்ளைக்கும் பாட்டிக்கும் இடையிலுள்ள ஒரே பாலத்தை அழித்துவிடக்கூடும்.

7. செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆசிரியர் அனுப்பும் செய்தியில் கற்றல் பற்றியதும் ஒழுங்குமுறை பற்றியதும் பிரிக்கப்பட வேண்டும். பணம், தேதி, உடை ஆகியன ஒரு தாளில் வரட்டும். வாரத்தில் ஒரு குறித்த நாளில், ஒரு படமும் அதன் பொருளை விளக்கும் மூன்று எளிய வாக்கியங்களும் வரட்டும். எளிய வாக்கியம் இயந்திர மொழிபெயர்ப்பிலும் பெரிதும் சிதையாது.

இரண்டாவதாக, நவம்பர் சந்திப்புக்குப் பெற்றோர் ஆயத்தத்தோடு செல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளரை முன்னரே கோருதல் நன்று. நேரம் சில நிமிடங்களே ஆதலின் நான்கு கேள்விகள் போதுமானவை: பிள்ளை எதனைத் தானாகச் செய்கிறது? எதற்கு உதவி தேவைப்படுகிறது? வகுப்பில் யாரோடு சேர்ந்திருக்கிறது? வீட்டில் தமிழிலேயே எதனைச் செய்தால் பயன் விளையும்? பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் மாணவர் பதிவேட்டைப் பார்வையிடும் உரிமை பெற்றோருக்குச் சட்டப்படி உண்டு என்பதும் அறியத்தக்கது. ஒவ்வொரு பாடசாலைக்கும் உரிய பாடசாலை மன்றத்தில் பெற்றோரே பெரும்பான்மையினராக இருக்க வேண்டும் என 2000ஆம் ஆண்டு ஒழுங்குவிதி கூறுகிறது. செய்தி அனுப்பும் முறையை மாற்றக் கோருவதற்கு அதுவே தக்க இடம்.

மூன்றாவதாக, தமிழ்ச் சமூகத்தின் கையிலேயே ஓர் அமைப்பு உள்ளது. 1977இல் மரபுமொழித் திட்டமாகத் தொடங்கிய பன்னாட்டு மொழிகள் திட்டத்தின்படி, குறைந்தது 25 பிள்ளைகளின் பெற்றோர் கோரினால் கல்விச் சபை வாரத்தில் இரண்டரை மணி வரையிலான மொழி வகுப்பை நடத்த வேண்டும். இதன்வழி நடைபெறும் தமிழ் வகுப்புகளுக்குப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரும் பேரர்களும் மண்டபத்திலோ வாகனத்திலோ காத்திருக்கின்றனர். நவம்பரிலும் பெப்ரவரியிலும் ஒவ்வோர் அரைமணி நேரத்தை, வெற்று அறிக்கைப் படிவம் ஒன்றைக் கையில் வைத்து அதனை வாசிக்கும் முறையைத் தமிழில் விளக்குவதற்குப் பயன்படுத்தலாம். தமிழாசிரியர்கள் இரு கல்வி முறைகளையும் அறிந்தவர்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் அங்கே தேவைப்படாது. இதற்குப் புதிய நிதியோ நிறுவனமோ வேண்டியதில்லை.

முடிவுரை

ஒன்ராறியோவின் தொடக்க வகுப்புகள் பெற்றோரிடம் எதனையும் மறைக்க முயல்வதில்லை. ஆயினும் அவை அனுப்பும் அறிக்கை, அக்கல்வி முறையில் வளர்ந்தவரை எண்ணியே எழுதப்பட்டது. வேறொரு முறையில் வளர்ந்த பெற்றோர் அதனை வாசிக்கும்போது எழுத்து மாறாமலே பொருள் மாறிவிடுகிறது. அதன் விளைவாகப் பாராட்டப்பட வேண்டிய பிள்ளை ஏசப்படுகிறது. உதவப்பட வேண்டிய பிள்ளை கவனிக்கப்படாது போகிறது. பேசப்பட வேண்டிய தாய்மொழி கைவிடப்படுகிறது. ஆகவே அறிக்கையைத் தமிழில் பெயர்த்தல் மட்டும் போதாது. அதன் பின்னுள்ள கல்வி முறையைத் தமிழில் விளக்குதலே தேவை. 'விளையாடினான்' என்று பிள்ளை சொல்லும்போது, "என்ன கட்டினனீ? அது விழுந்தபோது என்ன செய்தனீ?" என்று கேட்கத் தெரிந்த வீடு, வகுப்பறையின் உள்ளே நடப்பதை அறியத் தொடங்கிவிட்ட வீடாகும்.